சம்பளம் வாங்கும் சாத்தான்

இருட்டுச் சந்து. வழியை மறித்து ரௌடிக் கூட்டம். நடுவில் கோட் சூட் போட்ட ஓர் இளைஞன், அவன் கையைப் பிடித்தபடி ஒரு பெண். அவன் இருநூறு வருஷமாகச் சாகாமல் திரியும் சாத்தான். மனிதர்களின் ஆசையை நிறைவேற்றிக் கொடுத்துவிட்டு, பத்து வருஷம் கழித்து வந்து ஆன்மாவை வசூலித்துக்கொண்டு போவது அவன் தொழில். அப்படிப்பட்டவனுக்கு இந்த ரௌடிகள் ஒரு பொருட்டா? அன்றைக்குப் பொருட்டுதான். அவன் சக்தியெல்லாம் அடங்கியிருக்கும் சிலுவை வடிவப் பச்சைக்குறி, தண்ணீரில் விழுந்து எழுந்த ஒரு விபத்தில் அவன் மணிக்கட்டிலிருந்து அவள் மணிக்கட்டுக்கு இடம் மாறிவிட்டது. அவள் கையைப் பிடித்திருக்கும் வரை அவன் சாத்தான். விட்டால், யாரையும் போல அடி வாங்க வேண்டியதுதான். அதனால் பிடித்த கையை விடாமலே சண்டை போடுகிறார்கள். அவளைச் சுழற்றி விட்டு ஒருவனை உதைத்து, அவளை இழுத்துக்கொண்டே இன்னொருவனிடமிருந்து நழுவி... பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது டாங்கோ நடனமாக மாறிவிடுகிறது.

'மை டீமன்' என்ற தென்கொரியத் தொடரில் வரும் காட்சி. எஸ்பிஎஸ் சேனலில் 2023 நவம்பர் 24 தொடங்கி 2024 ஜனவரி 20 வரை 16 எபிசோடுகள் ஓடியது. நெட்ஃபிளிக்ஸ் வழியாக நம் வீட்டு ஹாலுக்கும் வந்து சேர்ந்தது. டோ டோ-ஹீ (கிம் யூ-ஜங்) பெரிய வணிகக் குடும்பத்தில் வளர்ந்தவள், அந்தக் குழுமத்தின் உணவு நிறுவனத்துக்குத் தலைவி. யாரோ அவளைக் கொல்லப் பார்க்கிறார்கள். சாத்தான் ஜங் கு-வோனுக்கு (சாங் காங்) தன் சக்தி வேண்டும். அதற்கு அவள் பக்கத்திலேயே இருந்தாக வேண்டும். அவளுக்கு உயிர் வேண்டும். அதற்கு நம்பகமான ஒரு பாடிகார்டு வேண்டும். கணக்கு சரியாகிவிட, சாத்தான் வேலைக்குச் சேர்கிறான்.

மற்ற காதல் தொடர்களில் ஆறு எபிசோடு இழுத்தடித்துக் காட்டும் 'முதன்முதலாகக் கை பிடிக்கும் காட்சி' இங்கே ஆரம்பத்திலேயே வேலை நிபந்தனையாகிவிடுகிறது. கை பிடித்தாயிற்று. மனசு பிடிக்க வேண்டியதுதான் பாக்கி. அதற்குத்தான் மிச்ச எபிசோடுகள் எல்லாம்.

காவலுக்கு வந்தவர், காக்கப்படுபவர், இருவரில் ஒருவரிடம் மனிதரை மிஞ்சிய ஏதோ ஒன்று, நின்று நிதானமாகப் பற்றிக்கொள்ளும் காதல். இந்த நாலும் சேர்ந்த கதைக்கு இன்றைக்கு உலகம் முழுக்க ரசிகர்கள் உண்டு. இரவு இரண்டு மணிக்கு 'இன்னும் ஒரே ஒரு எபிசோடு' என்று சொல்லிக்கொள்பவர்களில் பாதிப்பேராவது இந்த வகைக்கு மயங்கியவர்கள் என்று தாராளமாகச் சந்தேகப்படலாம். பேய், சாத்தான், ரத்தக்காட்டேரி என்று சக்தியின் வகை எவ்வளவோ மாறுகிறது. கதை எந்தப் பக்கம் சாயும் என்பதைத் தீர்மானிப்பது மட்டும் அதுவல்ல. காவல்காரருக்குச் சம்பளம் கொடுப்பது யார் என்று பாருங்கள். மீதிக் கதையைப் பெரும்பாலும் நீங்களே சொல்லிவிடலாம்.

காஸ்ட்னர் போட்ட கோடு

இந்தக் குடும்பத்தின் மூத்தவர் யாரென்று தேடினால், பேயும் பிசாசும் இல்லாத ஒரு ஹாலிவுட் படத்தில் போய் நிற்போம். 1992 நவம்பரில் வந்த 'தி பாடிகார்டு'. லாரன்ஸ் காஸ்டன் இதன் கதையை எழுதியது 1970-களில், ஸ்டீவ் மெக்வீனை மனதில் வைத்து. கடைசியில் கெவின் காஸ்ட்னரும் விட்னி ஹூஸ்டனும் நடித்தார்கள். சுமார் 2.5 கோடி டாலரில் எடுத்து, உலக அளவில் 41 கோடி டாலர் வசூலித்த படம். டோலி பார்ட்டன் 1974-இல் பாடிய பாட்டை ஹூஸ்டன் இதில் மறுபடி பாட, அது அமெரிக்கப் பாடல் வரிசையில் 14 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்துகொண்டது.

காஸ்ட்னர் நடித்த ஃபிராங்க் ஃபார்மர், அமெரிக்க அதிபர்களைக் காத்த சீக்ரெட் சர்வீஸின் முன்னாள் ஆள். அதிபர் ரீகன் சுடப்பட்ட அன்றைக்கு அம்மாவின் இறுதிச் சடங்குக்காக விடுப்பில் இருந்தவன். அந்த உறுத்தலைச் சுமந்துகொண்டே தனியார் காவல் வேலை பார்க்கிறான். ஹூஸ்டனின் ரேச்சல் மேரன் ஒரு பெரிய பாடகி. அவளுக்கு வரும் மிரட்டல் கடிதங்களின் முழு விவரம் அவளுக்கே தெரியாது. ஃபிராங்க்கை வேலைக்கு வைப்பது அவளுடைய மேனேஜர். ஆக, காக்கப்படுபவள் கேட்காமலே வந்த காவல். பாதிப் படத்துக்கு அவள் காட்டும் எரிச்சலுக்கு இதுதான் காரணம்.

இரண்டு பேரும் ஒரு மாலை வெளியே போகிறார்கள். போய்ப் பார்க்கும் படம் அகிரா குரோசவாவின் 'யோஜிம்போ'. 1961-இல் வந்த, கூலிக்குக் காவல் நிற்கும் சாமுராயின் கதை. பிறகு ஃபிராங்க்கின் வீட்டில் அவள் ஒரு ஜப்பானிய வாளை உருவிப் பிடிக்கிறாள். அவன் அவளுடைய மெல்லிய கழுத்துத் துணியை உருவி மேலே வீசுகிறான். அது மிதந்து இறங்கி, வாளின் விளிம்பில் பட்டதும் சத்தமில்லாமல் இரண்டாகிறது. பேச்சே இல்லை. இந்த வகைக் கதைகளின் மொத்தச் சூடும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. அன்றிரவு இருவரும் ஒன்றாகிறார்கள். மறுநாள் காலையில் ஃபிராங்க் கோடு போட்டுவிடுகிறான். மனசு கலந்தால் கண் கலங்கும், கண் கலங்கினால் காவல் போச்சு என்பது அவன் கட்சி. கடைசியில் அவளுக்கு வந்த குண்டைத் தான் வாங்கிக்கொண்டு பிழைக்கிறான். விமான நிலையத்தில் ஒரு முத்தத்தோடு பிரிகிறார்கள். அடுத்து அவனைப் பார்க்கும்போது ஒரு பாதிரியாருக்குக் காவல் நின்றுகொண்டிருக்கிறான். வேலை என்றால் வேலை.

நிஜத்திலும் அந்தக் கோடு உண்டு. 1981 மார்ச் 30 அன்று வாஷிங்டன் ஹில்டன் ஹோட்டல் வாசலில் ரீகனை நோக்கி ஒருவன் சுட்டபோது, டிம் மெக்கார்த்தி என்ற சீக்ரெட் சர்வீஸ் அதிகாரி கைகால்களை விரித்துக்கொண்டு குறுக்கே நின்று வயிற்றில் குண்டு வாங்கினார். பிழைத்துக்கொண்டார். சத்தம் கேட்டால் எல்லோரும் குனிவார்கள். அது உடம்பின் இயல்பு. இவர்களுக்கு மட்டும் நிமிர்ந்து விரிந்து நிற்கப் பயிற்சி.

கிளின்ட் ஹில்லின் கதை இன்னும் கனமானது. அதிபர் கென்னடியின் மனைவி ஜாக்குலினுக்குக் காவலாக இருந்தவர். 1963 நவம்பர் 22 அன்று டல்லாஸில் அதிபர் சுடப்பட்டபோது, பின்னால் வந்த காரிலிருந்து குதித்து ஓடி, அதிபரின் காரின் பின்பக்கத்தில் ஏறியவர் இவர்தான். பழைய படச்சுருளில் அவர் ஓடுவதை இன்றும் பார்க்கலாம். வருஷக்கணக்கில் கூடவே இருந்தும் ஹில்லுக்கு ஜாக்குலின் 'மிஸஸ் கென்னடி', ஜாக்குலினுக்கு அவர் 'மிஸ்டர் ஹில்'. 2012-இல் எழுதிய நினைவுக் குறிப்பின் தலைப்பில்கூட ஹில் அந்த மரியாதையை விடவில்லை. இன்னும் கொஞ்சம் வேகமாக ஓடியிருந்தால் அதிபரைக் காப்பாற்றியிருக்கலாம் என்ற எண்ணத்தில் பல வருஷம் குமைந்தார். 1975-இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில் உடைந்து அழுதார். 2025-இல் 93 வயதில் காலமானார். இது காதல் கதை கிடையாது, அப்படித் திரிக்கவும் கூடாது. ஆனால் நாவலாசிரியர்கள் கடன் வாங்கும் உணர்வு இங்கேதான் இருக்கிறது: இன்னொருவருடைய உயிருக்கு நான் பொறுப்பு என்கிற பாரம்.

கோட்டைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். பத்திரிகை அதிபர் குடும்பத்துப் பெண் பாட்டி ஹெர்ஸ்ட் 1974-இல் கடத்தப்பட்டு, கடத்தியவர்களோடு சேர்ந்து வங்கிக் கொள்ளையில் நின்று, தண்டனையும் பெற்றவர். ஜாமீனில் இருந்தபோது அவருக்குக் காவலாக வந்த பெர்னார்டு ஷா ஒரு போலீஸ்காரர். 1979 ஏப்ரலில் கல்யாணம். 2013-இல் ஷா இறக்கும் வரை சேர்ந்தே வாழ்ந்தார்கள். மொனாக்கோ இளவரசி ஸ்டெஃபானி தன் பாடிகார்டு டேனியல் டுக்ரூவை 1995-இல் மணந்தார், மறுவருஷமே விவாகரத்து. இரண்டையும் வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது. கதாசிரியர்களுக்கு மட்டும் இரண்டுமே லாபம்.

நெருங்கி நிற்பவனே ஆபத்து

சரி, பாடிகார்டு இருக்கிறான், கோடு இருக்கிறது. இதில் சாத்தானும் ரத்தக்காட்டேரியும் எதற்கு?

காவல் வேலையில் ஒரு பயங்கரம் புதைந்திருக்கிறது. கொல்ல வருகிறவனைவிடக் காக்க நிற்கிறவன்தான் பக்கத்தில் இருக்கிறான், ஆயுதமும் அவனிடம்தான். நம் நாட்டுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. 1984 அக்டோபர் 31 காலையில் இந்திரா காந்தியைச் சுட்டவர்கள் அவருடைய காவலர்கள் இருவர். பிரதமர்களைக் காக்க எஸ்.பி.ஜி. என்ற தனிப்படை மறுவருஷம் உருவானதே அதன் பிறகுதான்.

அமானுஷ்யக் காதல் கதை இந்தப் பயத்தை மேலே கொண்டுவந்து மேசையில் வைக்கிறது. காவல்காரனுக்குப் பல் முளைக்கிறது. ஸ்டெஃபெனி மேயரின் 'ட்வைலைட்' (2005) நாவலில் எட்வர்டுக்கு உலகத்திலேயே மிகவும் ருசிக்கக்கூடிய ரத்தம் பெல்லாவுடையது. அவளை எல்லாரிடமிருந்தும் காப்பாற்றுகிறவன், தன்னிடமிருந்தும் காப்பாற்றியாக வேண்டும். காதல் மெதுவாகத்தான் போக முடியும். அவசரப்பட்டால் உயிர் போய்விடும். நாலாவது நாவலில்தான், 2008-இல், கல்யாணம். அதற்கு முன்பே அமெரிக்கத் தொலைக்காட்சியில் 'பஃபி' தொடர் இதே கயிற்றில் நடந்து காட்டியது. ஏஞ்சல் என்ற ரத்தக்காட்டேரிக்கு ஒரு சாபம்: ஒரு கணம் முழு ஆனந்தத்தை உணர்ந்தால் அவன் ஆன்மா போய்விடும், பழைய கொலைகாரனாகிவிடுவான். 1998 ஜனவரியில் ஒளிபரப்பான எபிசோடுகளில் அதுவே நடந்தது. காதல் கனிந்த மறுநாள் அவன் காதலி பஃபிக்கே எதிரி. தள்ளிப்போடுவதற்கு இவ்வளவு வலுவான காரணத்தை அதன்பிறகு யாரும் கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை.

'ட்வைலைட்' வரிசை நாவல்கள் 10 கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றன. ஆனாலும் அதில் ஒரு நெருடல் உண்டு. பெல்லா தூங்கும்போது, அவளுக்குத் தெரியாமல், எட்வர்டு இரவெல்லாம் அவள் அறையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறான். காவலாம். நம் தெருவில் ஒருவன் இதைச் செய்தால் அதற்கு வேறு பெயர். ஸ்டேஷனில் புகாரும் கொடுப்போம். அங்கே எட்வர்டுக்கு யாரும் வேலை கொடுக்கவில்லை, அதனால் வேலையிலிருந்து நிறுத்தவும் யாராலும் முடியாது. சம்பளம் என்ற சமாச்சாரம் எவ்வளவு முக்கியம் என்பது இங்கே புரிகிறது. சம்பளம் கொடுப்பவர் 'நாளையிலிருந்து வராதே' என்று சொல்லலாம். அந்த வார்த்தை கையில் இருக்கும் பெண்ணும், இல்லாத பெண்ணும் ஒரே மாதிரி காதலிக்க முடியாது.

கொரியாக்காரர்கள் இதைச் சரியாகப் பிடித்தார்கள். டோ-ஹீ தன் பாடிகார்டைத் தானே தேர்ந்தெடுக்கிறாள், தானே வேலைக்கு எடுக்கிறாள். அவன் சக்தியின் சாவியும் அவள் கையில். கையை உதறினால் சாத்தானும் சராசரி ஆள். தன்னைக் கொல்லக்கூடியவனுக்கு அவள் தினமும் தெரிந்தே கையை நீட்டுகிறாள் என்பதில்தான் அந்தக் காதலின் எடை இருக்கிறது. அந்தச் சந்துச் சண்டையை இந்தக் கண்ணோடு இன்னொரு தடவை பாருங்கள். அழகுக்காகப் போட்ட நடனமாக மட்டும் அது தெரியாது.

'மை டீமன்' முழுக்கவும் இந்த உயரத்தில் பறக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். உயில், ஒப்பந்தக் கல்யாணம், முற்பிறவி என்று பின்பாதி பாரம் ஏற்றிக்கொள்கிறது. மணிக்கட்டு விளையாட்டு முடிந்தபிறகு அதற்கு ஈடாக வேறொன்றை எழுத்தாளரால் கொண்டுவர முடியவில்லை. அவளைக் காப்பாற்ற அவன் எரிந்து மறைவதும், கடைசி எபிசோடில் திரும்பி வருவதும் எதிர்பார்த்தபடியே நடக்கின்றன. தொடர் முடிந்த சில மாதங்களில், 2024 ஏப்ரலில், சாங் காங் கட்டாய ராணுவ சேவைக்குப் போனார். திரையில் காவல் வேலை பார்த்தவருக்குச் சீருடையில் நிஜக் காவல் வேலை!

நூற்றைம்பத்தெட்டு சென்டிமீட்டர் பாடிகார்டு

இந்த வகையின் மிகச் சிறந்த படைப்பு எது என்று கேட்டால், சாத்தானைத் தாண்டி ஒரு சின்ன உருவத்தைக் கைகாட்டலாம். 'ஸ்ட்ராங் வுமன் டோ போங்-சூன்'. ஜேடிபிசி சேனலில் 2017 பிப்ரவரி 24 முதல் ஏப்ரல் 15 வரை ஓடிய 16 எபிசோடுகள்; எழுதியவர் பேக் மி-கியங். அந்தச் சேனலின் தொடர்களில் அதுவரை இல்லாத பார்வையாளர் எண்ணிக்கையைத் தொட்டது.

போங்-சூனாக நடித்த பார்க் போ-யங் 158 சென்டிமீட்டர் உயரம். ஆளைப் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளை. கையை வைத்தால் பேருந்து நிற்கும். அவள் குடும்பத்துப் பெண்களுக்குத் தலைமுறை தலைமுறையாக வரும் அசுர பலம் அது. ஆண்களுக்குக் கிடையாது. ஒரு நிபந்தனையும் உண்டு. சுயலாபத்துக்கோ, குற்றமற்றவரைக் காயப்படுத்தவோ அந்தப் பலம் பயன்பட்டால் போய்விடும். போங்-சூனின் அம்மா அப்படித்தான் இழந்தார். அதனால் போங்-சூன் பலத்தை மூடி மறைத்து, வேலை கிடைக்காமல் திண்டாடிக்கொண்டிருக்கிறாள். தன்னைப் போலவே ஒரு பாத்திரத்தை வைத்து வீடியோ கேம் உருவாக்குவது அவள் கனவு.

வீடியோ கேம் கம்பெனி முதலாளி ஆன் மின்-ஹ்யக் (பார்க் ஹ்யங்-சிக்) ஒருநாள் அவள் ரௌடிகளைத் துவைத்தெடுப்பதைப் பார்த்துவிடுகிறான். அவனுக்கு மிரட்டல் அழைப்புகள் வந்துகொண்டிருக்கும் நேரம். பாடிகார்டாகச் சேர்த்துக்கொள்கிறான். அவள் சும்மா சேரவில்லை. சம்பளம் பேசுகிறாள், கம்பெனியின் திட்டமிடல் பிரிவில் இடமும் பேசுகிறாள். காவல் வேலை அவளுக்கு வாசல்படி, போய்ச் சேர வேண்டிய இடம் வேறு. அத்தோடு அவள் மனசில் அப்போது இருப்பதும் இவன் இல்லை, சின்ன வயதிலிருந்து கூடவே வளர்ந்த போலீஸ்கார நண்பன்.

ஆக, காதலில் முதலில் விழுவது முதலாளி. அதுவும் எப்படி? அவள் பலத்தைப் பார்த்துப் பயப்படாமல், ரசித்து. ஊரே அசிங்கம் என்று சொல்லிவிடுமோ என்று அவள் ஒளித்து வைத்த ஒன்றை 'இதுதானே அருமை' என்று ஒருவன் பார்க்கும்போது, அவள் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதைப் பார்க்க வேண்டும். தன் பலத்தை எப்படி அளவாகப் பயன்படுத்துவது என்று அவளுக்குப் பயிற்சி கொடுப்பதுகூட அவன்தான். தன் பாடிகார்டுக்குத் தானே பயிற்சியாளர் ஆகிற முதலாளி.

பிறகு பலம் போகிறது. அவளால் ஒரு நிரபராதிக்கு அடிபட்டுவிட, சாபம் வேலை செய்துவிடுகிறது. வில்லன் அவளைக் கட்டி, உடம்பில் வெடிகுண்டைப் பொருத்திவிட்டுப் போகிறான். மொட்டை மாடி. நிமிடங்கள் குறைகின்றன. மின்-ஹ்யக் வந்து சேர்கிறான்; அவனால் அவிழ்க்க முடியவில்லை. போகச் சொல்கிறாள், அவன் நகர மறுக்கிறான். இந்த இடத்தில் யார் யாருக்குக் காவல்? சம்பளம் வாங்கியவளிடம் பலம் இல்லை. சம்பளம் கொடுத்தவனிடம் நிற்பதைத் தவிர வேறொன்றும் இல்லை. அவனைக் காப்பாற்ற வேண்டும் என்று அவள் கெஞ்சும்போது பலம் திரும்புகிறது. தனக்காகக் கேட்டிருந்தால் வந்திருக்காது. முதல் எபிசோடில் போட்ட நிபந்தனை பதினாலு எபிசோடு காத்திருந்து இங்கே பலன் கொடுக்கிறது. நிதானமாகப் பற்றும் காதல் என்றால் முத்தத்தைத் தள்ளிப்போடுவது என்று நினைப்பவர்கள் பேக் மி-கியங்கின் இந்த வேலையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொரு சங்கதி. (இந்தத் தொடர்களைப் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) ரேச்சலைக் கொல்ல ஆள் ஏற்பாடு செய்தவள் அவளுடைய அக்கா. மின்-ஹ்யக்கை மிரட்டியது அவன் அண்ணன். டோ-ஹீயைச் சுற்றி நடந்த கொலைகளின் வேரும் அவள் வளர்ந்த குடும்பத்துக்குள்ளேயே இருந்தது. ஹாலிவுட்டும் சியோலும் பேசி வைத்துக்கொண்டதுபோல ஒரே விடை. சொத்தும் பொறாமையும் இருக்கும் வீட்டில் ரத்த உறவை நம்ப முடியாமல் போகும்போது, காசு வாங்கிக்கொண்டு வாசலில் நிற்கும் அந்நியர் மட்டுமே நம்பிக்கைக்கு உரியவராகிறார். வாடகைக்கு வந்த விசுவாசம் ரத்தத்தைவிட உறுதி. அங்கிருந்து காதலுக்கு அதிக தூரம் இல்லை.

கொரியத் தொடர்களில் இன்னொரு மலையான 'காப்ளின்' (2016-17) இந்தக் கணக்கில் பாதிதான் அடங்கும். கோர்யோ காலத்துத் தளபதி ஒருவன் நெஞ்சில் குத்திய வாளோடு 900 வருஷத்துக்கு மேல் சாகாமல் அலைகிறான். பேய்களைப் பார்க்கும் பள்ளி மாணவி எரியும் சுடரை ஊதி அணைத்தால் அவன் எங்கிருந்தாலும் வந்து நிற்க வேண்டும். அந்த வாளை உருவக்கூடியவள் அவள்தான். உருவினால் அவன் இல்லாமல் போவான். கொரியக் கேபிள் வரலாற்றில் 20 சதவீதப் பார்வையைத் தாண்டிய முதல் தொடர் இது. சம்பளம் கிடையாது, ஆனால் கூப்பிடும் உரிமை அவளுக்கு உண்டு. அதுவும் ஒருவித ஒப்பந்தம்தான்.

அப்பா கொடுத்த சம்பளம்

நம் பக்கம் வருவோம். சித்திக் 2010-இல் மலையாளத்தில் 'பாடிகார்டு' எடுத்தார், திலீப், நயன்தாரா. 2011 பொங்கலுக்கு விஜய், அசின் நடிக்க அதுவே 'காவலன்'. அதே வருஷம் இந்தியில் சல்மான் கான், கரீனா கபூர். மறுவருஷம் தெலுங்கில் வெங்கடேஷ், த்ரிஷா. இரண்டு வருஷத்துக்குள் ஒரே கதை இத்தனை மொழிகளில் ஓடியதற்குக் காரணம் அதில் இருந்த ஒரு குரல். காவலுக்கு வந்தவனை விரட்ட வேண்டும் என்று கதாநாயகி யாரோ ஒரு பெண் போல அவனுக்கு போன் போட்டுப் பேச, அவன் அந்த முகம் தெரியாத குரலைக் காதலிக்கிறான். அந்தக் குரலுக்குச் சொந்தக்காரி எதிரிலேயே இருக்கிறாள். அவளை நிமிர்ந்து பார்க்க அவனுக்கு உரிமையில்லை. உடம்பில்லாத குரலோடு காதல் என்றால், பேய்க் கதைக்கு ஒரு அடிதான் தள்ளி நிற்கிறது.

ஏன் நிமிர்ந்து பார்க்கக் கூடாது? ஏனென்றால் 'காவலன்' பூமிநாதன் அவளிடம் வேலை பார்க்கவில்லை. ராஜ்கிரண் நடித்த அவள் அப்பாவிடம் வேலை பார்க்கிறான். பெண்ணைக் காதலித்தால் உப்பிட்டவருக்குத் துரோகம். காஸ்ட்னர் போட்டது தொழில் கோடு, நம்முடையது செஞ்சோற்றுக்கடன். கர்ணன் காலத்துக் கடன் அது, அவ்வளவு சீக்கிரம் தீராது. சியோலில் முதலாளியும் காதலியும் ஒரே ஆள் என்பதால் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ள முடிகிறது. இங்கே மூன்றாவதாக ஒரு மீசை எப்போதும் நடுவில் நிற்கிறது.

அந்த மீசையின் மிகப் பழைய முகம் பொம்மண்ண நாயக்கர். மதுரை வீரன் கதையில் பரவலாகச் சொல்லப்படும் வடிவம் இது: பாளையக்காரர் பொம்மண்ணனின் மகள் பொம்மி பெரியவளாகிறாள். வழக்கப்படி ஊருக்கு ஒதுக்குப்புறமாகக் குடிசை கட்டி அவளை உட்கார வைக்கிறார்கள். குடிசைக்குக் காவல் நிற்க வேண்டியவர் செருப்புத் தைக்கும் சின்னான். மழைக்காலம், அவருக்குப் பதிலாக வளர்ப்பு மகன் வீரன் போகிறான். காவல் முடிவதற்குள் காதல் வந்துவிடுகிறது. இருவரும் ஊரைவிட்டுப் போகிறார்கள், துரத்தி வந்த பொம்மண்ணன் சண்டையில் மடிகிறார். வீரன் பிறகு மதுரைக்குக் கள்ளர்களை அடக்கப் போய், அங்கே வெள்ளையம்மாள் மேல் காதல் கொண்டு, மாறுகால் மாறுகை வாங்கப்பட்டுச் சாகிறான். செத்தபின் சாமியாகிறான். மீனாட்சியம்மன் கோயில் கிழக்கு வாசல் பக்கம் அவனுக்கு இடம் கிடைக்கிறது. இருபுறமும் பொம்மியும் வெள்ளையம்மாளும். தோட்டக் கூலிகளாகப் போனவர்களோடு கப்பலேறி மலேசியா, கயானா, ரியூனியன் தீவு வரைக்கும் காவல் தெய்வமாகப் போய்விட்டான்.

காசி ராஜாவுக்குப் பிறந்து காட்டில் விடப்பட்டவன் என்று வீரனுக்கு ஒரு பிறப்புக் கதை உண்டு. அருந்ததியர் வீட்டுப் பிள்ளை நாயக்கர் மகளைக் கொண்டுபோனதை விழுங்க முடியாதவர்கள் பின்னால் ஒட்டவைத்தது அது என்று சொல்லும் ஆய்வாளர்கள் இருக்கிறார்கள். சந்தேகத்தில் நியாயம் இருக்கிறது. கண்ணதாசன் எழுதி, யோகானந்த் இயக்கி, 1956-இல் எம்.ஜி.ஆர்., பானுமதி, பத்மினி நடித்த படமும் ராஜா வீட்டுப் பிறப்போடுதான் வந்தது. எம்.ஜி.ஆர். கடைசியில் சாகிற படங்கள் குறைவு. அதில் செத்தும் படம் பெரிய வெற்றி.

கொரியக் கதையைத் தலைகீழாகப் பிடித்தால் நம் கதை. அங்கே சாகாவரம் பெற்றவன் காவலுக்கு வந்து, காதலித்து, மெல்ல மெல்ல மனிதனாகிறான். இங்கே சாதாரண மனிதன் காவலுக்கு வந்து, காதலித்ததற்காகக் கொல்லப்பட்டு, அதன் பிறகு அமானுஷ்யன் ஆகிறான். சக்தி அவனுக்கு முன்கூட்டிக் கிடைத்த வரம் கிடையாது. ஊர் செய்த அநியாயத்துக்கு ஊரே பின்னால் கொடுத்த நஷ்டஈடு. உயிரோடு இருந்தபோது ஒரு குடிசைக்குக் காவல் நின்றதைக் குற்றமாக்கியவர்கள், செத்தபின் ஊருக்கே காவல் நிற்கச் சொல்லிச் சாராயமும் சுருட்டும் வைக்கிறார்கள். இந்த முரண் எந்த நெட்ஃபிளிக்ஸ் தொடரிலும் இல்லை.

இரண்டு வாரம் முன்னே பின்னே நீளும் ஒரு தீட்டுக் காலம். ஓலைத் தடுப்புக்கு உள்ளே ஒரு பெண், வெளியே ஒரு காவல்காரன். உள்ளே பார்ப்பது குற்றம், தொடுவது அதைவிடக் குற்றம், சம்பளமோ அப்பாவிடமிருந்து. பேச மட்டும்தான் முடியும், அதுவும் மழைச் சத்தத்துக்கு நடுவே. இதைத் தொடராக எடுத்தால், 16 எபிசோடுகளில் முதல் எட்டு இந்தக் குடிசையை விட்டு நகரவே வேண்டாம். இன்று இதை எழுத உட்காருகிறவர் ஒன்றை மட்டும் மாற்றலாம். மதுரை வீரன் கதைப்பாடல் நெடுக அவன் பக்கமே நிற்கிறது. குடிசைக்குள் இருப்பவள் அவனைப் பற்றி என்ன நினைத்தாள், எந்த நாளில் அவளுக்குப் பயம் விட்டது, அப்பா அனுப்பிய காவலைத் தன் காவலாக எப்போது எடுத்துக்கொண்டாள் என்பதையெல்லாம் யாரும் கேட்டதில்லை. பொம்மி பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம்.